பழைய கன்வெர்ட்டிபிளை அன்றாடக் காராக வாங்குவது எப்படி

மழைக்குப் பெயர்போன பிரிட்டனில் கூரை திறக்கும் கார்கள் இத்தனை ஓடுவதைப் பார்த்து, புதிதாக இங்கே வந்து சேர்கிறவர்கள் வியப்பதுண்டு. ஆனால் இந்த நாட்டு வெயில் மண்டையைப் பிளப்பதில்லை. ஏப்ரல் மாதத்து மாலையில் ஒரு மேல்சட்டையும் சூடான ஹீட்டரும் இருந்தால் கூரையைத் திறந்து வைத்தே வீடு திரும்பலாம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ நண்பகலில் அப்படி ஓட்ட எனக்குத் துணிவு வராது. வார இறுதியில் மட்டும் வெளியே எடுக்கும் இரண்டாவது காராக ஒரு கன்வெர்ட்டிபிளை வாங்குவது ஒரு விதம். வேலைக்கும் கடைக்கும் போய்வந்து, ஜனவரி உறைபனியில் தெருவோரம் நின்று, மறுநாள் காலை ஏழு மணிக்கு அடம்பிடிக்காமல் கிளம்ப வேண்டிய ஒரே காராக வாங்குவது வேறு விதம். இந்த வழிகாட்டி இரண்டாவது விதத்தில் வாங்க நினைப்பவர்களுக்கானது.

சாதாரணக் காரைப் பார்க்கப் போனால் இன்ஜினில் தொடங்குவோம். கன்வெர்ட்டிபிளில் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். கூரை உள்ள காரில் பாரத்தையும் முறுக்கத்தையும் கூரையும் தூண்களும் தரையோடு பங்கிட்டுத் தாங்குகின்றன. கூரையை வெட்டி எடுத்துவிட்டால் அந்த வேலை முழுவதும் தரைத்தகட்டின் மீதும், கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற அடிச்சட்டங்களின் மீதும் விழுகிறது. துணிக் கூரையில் வழியும் மழைநீரை வெளியேற்றும் வடிகால்களோ, பல கார்களில் அந்த அடிச்சட்டங்களை ஒட்டியே கீழே இறங்குகின்றன. ஆகவே அடைத்துக்கொண்ட ஒரு வடிகால், ஈரக் கம்பளத்தோடு நிற்காமல், காரின் முதுகெலும்பையே உள்ளிருந்து அரிக்கிறது. இன்ஜின் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். அடிச்சட்டம் உளுத்துப்போன மலிவான காரைச் சரிசெய்ய, அது வாங்கிய விலையை விஞ்சும் செலவு ஆகலாம்.

எந்தக் கார்?

எடுத்துக்காட்டுக்கு மஸ்டா எம்எக்ஸ்-5 காரையே பெரும்பாலும் சொல்லப்போகிறேன். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது காரை எட்டிய இந்த இரண்டு இருக்கைக் காருக்கு பிரிட்டனில் உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கிறது. அதைத் தெரிந்த மெக்கானிக்கும் அனேகமாக எல்லா ஊரிலும் இருக்கிறார். அன்றாட ஓட்டத்துக்கு இந்த இரண்டையும்விடப் பெரிய தகுதி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

1997 வரை வந்த முதல் தலைமுறை, எழுந்து மூடும் முன்விளக்குகளோடு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதன் பின்கண்ணாடி வெறும் பிளாஸ்டிக். குளிரில் விறைத்திருக்கும்போது ஜிப்பைத் திறந்து விடாமல் கூரையை மடக்கினால் மடிப்பில் விரிசல் விழும். அது இன்று பாதுகாத்து வைக்கும் கார். தினம் அலைக்கழிக்கும் கார் அல்ல. 1998 முதல் 2005 வரையிலான இரண்டாம் தலைமுறைக்குச் சூடேறும் உண்மையான கண்ணாடி வந்துவிட்டது. என்றாலும் துருவின் கொடுமை மிகுந்தது அதில்தான்: பின்சக்கர வளைவும் அடிச்சட்டத்தின் பின்முனையும் போதாதென்று, இன்ஜினுக்கு இருபுறமும் முன்னோக்கி ஓடும் சட்டங்களும் இரட்டைத் தகட்டுக்கு நடுவே மறைந்து அரிபடுகின்றன. மேலே நின்று பார்த்தால் பளபளவென்றிருக்கும்; தூக்கி வைத்துப் பார்த்தால் ஸ்குரூடிரைவர் முனை உள்ளே போகும்.

அன்றாடக் காருக்கு என் தேர்வு 2005 முதல் 2015 வரை விற்ற மூன்றாம் தலைமுறை. உள்ளே கொஞ்சம் இடம் கூடுதல், டிக்கி 150 லிட்டர், இன்ஜினில் காலம் பார்த்து மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். 2006 இல் இதிலேயே மடியும் கெட்டிக் கூரை கொண்ட வகை ஒன்றும் வந்தது. ஏறத்தாழ 12 விநாடியில் மடங்கும் அந்தக் கூரை டிக்கியின் இடத்தைத் தின்பதில்லை, காரின் எடையையும் 37 கிலோ மட்டுமே கூட்டுகிறது. தெருவில் நிறுத்துகிறவர்களுக்குத் துணியைக் கத்தியால் கிழிப்பார்களோ என்ற கவலை இல்லை, நெடுஞ்சாலையில் இரைச்சலும் குறைவு. கையிருப்பு அனுமதித்தால் 2015 இல் தொடங்கிய நான்காம் தலைமுறையைப் பார்க்கலாம். ஆனால் அதில் டிக்கி 130 லிட்டராகச் சுருங்கிவிட்டது. உயரமானவர்கள் 2018 இல் வந்த மாற்றத்துக்குப் பிந்திய காரைத் தேடட்டும்: ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் இழுத்துச் சரிசெய்துகொள்ளும் வசதி அதில்தான் வந்தது.

பிள்ளைகள் இருந்தால் இரண்டு இருக்கை போதாது. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், மினி, ஆடி போன்றவற்றின் நான்கு இருக்கை வகைகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை மின்சாரத்தாலும் ஹைட்ராலிக் பம்பாலும் இயங்கும் கூரைகள். கையால் மடக்கும் எம்எக்ஸ்-5 கூரையில் கெட்டுப்போக ஒன்றுமில்லை என்பதை அப்போதுதான் உணர்வீர்கள். ஐந்து துண்டாக மடியும் ஃபோக்ஸ்வாகன் இயோஸின் கூரை பார்க்க அற்புதம். ஆனால் திறந்தால் 380 லிட்டர் டிக்கி 205 ஆகிவிடும், அதன் நீண்ட ரப்பர் விளிம்புகளைப் பராமரிக்காமல் விட்டால் ஒழுகவும் தொடங்கும். முதல் தலைமுறை பிஎம்டபிள்யூ இசட்4 காரில் கூரையை மடக்கும் மோட்டார், தண்ணீர் வடியும் குழியிலேயே உட்கார்ந்திருக்கிறது. வடிகால் அடைத்தால் மோட்டார் நீரில் மூழ்கும். பழைய போர்ஷே பாக்ஸ்டரிலோ அலாரத்தின் மின்னணுப் பெட்டி இருக்கைக்கு அடியில் தரையில் கிடக்கிறது. கம்பளம் நனைந்தால் கார் கிளம்பவே மறுக்கலாம். கார்கள் வேறானாலும் அவற்றைப் படுக்க வைப்பது ஒரே தண்ணீர்தான்.

லண்டனில் இருப்பவர்கள் ஒன்றை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் மாநகரின் எல்லா வட்டாரங்களுக்கும் விரிந்துவிட்ட தூயகாற்று மண்டலத்தில், யூரோ 4 என்ற புகைத் தரத்துக்குக் குறைந்த பெட்ரோல் கார் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். பொதுவாக 2006 முதல் பதிவான பெட்ரோல் கார்கள் தப்பிக்கின்றன. அதற்கு முந்தியவற்றிலும் சில தேறுவதால், பதிவெண்ணை லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் தட்டிப் பார்த்துவிட்டே அடுத்த அடி எடுத்து வையுங்கள். மலிவாகக் கிடைத்த இரண்டாம் தலைமுறைக் காரைத் தினம் வேலைக்கு ஓட்டினால், அந்த மலிவு சில மாதங்களில் கரைந்துவிடும்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

பதிவெண் கிடைத்தவுடன் எம்ஓடி, அதாவது ஆண்டுதோறும் நடக்கும் கட்டாயத் தகுதிச் சோதனையின் வரலாற்றைப் படியுங்கள். அரசின் இணையதளத்தில் இது இலவசம். 2005 முதலான சோதனைகள், ஒவ்வொன்றின்போதும் இருந்த மைல் கணக்கு, தேறாததன் காரணம், 'இப்போதைக்குத் தேறியது, ஆனால் கவனிக்கவும்' என்ற வகைக் குறிப்புகள் எல்லாம் அதில் உண்டு. கன்வெர்ட்டிபிளுக்கு இதைத் துருவின் நாட்குறிப்பாகப் படிக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு முன் 'அடிச்சட்டத்தில் லேசான துரு' என்று எழுதியிருந்து, அடுத்த ஆண்டு 'துரு அதிகரித்துள்ளது' என்றும் வந்து, இந்த ஆண்டு ஒரு சொல்லும் இல்லாவிட்டால் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும்: முறையாக வெட்டிப் புதுத்தகடு வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள், அல்லது கறுப்புப் பூச்சை அப்பி மூடியிருக்கிறார்கள். பற்றவைத்திருந்தால் ரசீதும் வேலை நடக்கும்போது எடுத்த படங்களும் இருக்கும், அவற்றைக் கேளுங்கள். சீட் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை பொருந்தும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு உளுத்து வலுவிழந்திருந்தால் எம்ஓடி தேறாது. எம்எக்ஸ்-5 காரின் அடிச்சட்டத்துப் பின்முனை இந்த எல்லைக்குள் வருவதால் ஒட்டுப்போட்டுச் சமாளிக்க முடியாது.

மைல் கணக்கின் ஓட்டத்தையும் பாருங்கள். ஆண்டுக்கு அறுநூறு, எழுநூறு மைல் மட்டுமே ஓடிய கார் என்று விளம்பரத்தில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ அது பெருமையாகப் படுவதில்லை. கராஜில் உலர்ந்து கிடந்திருந்தால் நல்லது. மரத்தடியில் இலைச்சருகு வடிகாலில் விழ விழ நின்றிருந்தால், ஒழுங்காக ஓடி, ஒழுங்காக சர்வீஸ் ஆன எண்பதாயிரம் மைல் கார் அதைவிட எவ்வளவோ மேல்.

எந்த மாதத்தில் வாங்குவது என்பதும் இங்கே கணக்கில் வரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கேட்பார் குறைவு, பேரத்துக்கும் இடம் உண்டு. முதல் வெயில் அடித்த சனிக்கிழமையில் விலை ஏறிவிடும். எனக்கு விலையைவிடப் பெரிய காரணம் மழை. என் முதல் கன்வெர்ட்டிபிளை ஜூன் மாதத்து வெயிலில், கூரை திறந்த நிலையிலேயே ஓட்டிப் பார்த்து, அன்றே பணத்தைக் கொடுத்தேன். அக்டோபரில் ஒரு காலை, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வைத்திருந்த பையைத் தூக்கியபோது அதன் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. நம் ஊர்ப்பக்கம் ஓலைக்கூரையை மழைக்காலத்துக்கு முன்பே ஏறிப் பார்க்கிறவர்களின் பேரனான எனக்கு இது தோன்றாமல் போனதே என்று நெடுநாள் வருந்தினேன்.

காரின் அருகில்

போனவுடன் விற்பவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கதவைத் திறந்து, மூக்கைப் பயன்படுத்துங்கள். நாட்பட்ட ஈரத்தின் பூஞ்சை வாடை மறைவதில்லை; அதை மறைக்க இரண்டு மூன்று வாசனை அட்டைகள் தொங்கினால் அதுவே ஒரு செய்தி. பிறகு இருக்கையை முழுவதும் முன்னுக்குத் தள்ளி, அதன் பின்னால் உள்ள கம்பளத்தைக் கையால் அழுத்துங்கள். மேல்பரப்பு உலர்ந்திருக்கலாம், ஆகவே அதை நம்பாமல், ஓரத்தைத் தூக்கி அடியில் உள்ள தடித்த மெத்தைக்குள் விரல் விட வேண்டும். மேலே காய்ந்து வாரக்கணக்கானாலும் அந்த மெத்தை நீரைப் பிடித்து வைத்திருக்கும். விரலை எடுக்கும்போது ஈரமும் செம்மண் நிறமும் ஒட்டியிருந்தால், நீங்கள் தேடி வந்த விடை அதுதான். டிக்கியிலும் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். பின்விளக்கின் ரப்பர் தளர்ந்து அங்கே நீர் தேங்குவது பழைய எம்எக்ஸ்-5களில் வழக்கம், முதல் இரண்டு தலைமுறைகளில் பேட்டரியும் அங்கேதான் இருக்கிறது.

கூரையை மூடி, துணி கம்பியோடு மடியும் இடங்களையும் கண்ணாடியின் மேல்மூலைகளையும் வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். தேய்வு அங்கேதான் தொடங்கும். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அது ஓட்டைதான். பின்கண்ணாடி துணியிலிருந்து பெயர்ந்து வருகிறதா என்று விளிம்பு முழுவதும் விரலால் தடவுங்கள். கூரை மாற்றியிருந்தால் எப்போது, யார் மாற்றினார் என்று கேட்பது முறை. துணிக் கூரை தேய்கிற பொருள், ஒருநாள் மாற்ற வேண்டியதுதான். அந்தச் செலவு விற்பவர் தலையிலா உங்கள் தலையிலா என்பதே பேரம்.

மழை பெய்யாத நாளில் போனால், பூவாளி ஒன்றில் தண்ணீர் கேளுங்கள். இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்; ஆனால் ஆயிரக்கணக்கான பவுண்டு கொடுக்கப்போகிறவர் கேட்கும் ஒரு வாளித் தண்ணீரை மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் வருவதே உத்தமம். முன்கண்ணாடியின் மேல்விளிம்பு, கதவுக் கண்ணாடியின் மேல்முனை, கூரையின் பின்பகுதி சேரும் பள்ளம் ஆகிய மூன்று இடங்களில் மெதுவாக ஊற்றி, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். பின்பக்கம் ஊற்றிய நீர் சிறிது நேரத்தில் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் சொட்ட வேண்டும். அப்படிச் சொட்டினால் வடிகால் திறந்திருக்கிறது. ஒரு பக்கம் சொட்டி, மறுபக்கம் சொட்டாவிட்டால் அந்த நீர் எங்கே போனது என்று யோசியுங்கள்.

மின்சாரக் கூரையானால் குறைந்தது மூன்று முறை திறந்து மூடச் சொல்லுங்கள். முதல் முறை நன்றாக ஓடி, மூன்றாம் முறை நடுவில் நிற்பதுண்டு. 'பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கிறது' என்பார்கள். உண்மையாகவே பேட்டரியாக இருக்கலாம், பம்பாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அதைச் சரிசெய்து காட்டிய பிறகு பணம் கொடுங்கள். கூரையின் உட்துணியில் எண்ணெய்க் கறை தெரிந்தால் ஹைட்ராலிக் குழாய் கசிகிறது.

பிறகு அடியில். பின்சக்கர வளைவின் உட்புறத்திலும், அடிச்சட்டத்தின் கீழ்விளிம்பிலும் கை விட்டுத் தடவிப் பாருங்கள். பெயிண்ட் கொப்பளித்திருந்தால் வெளியே தெரிவதைப்போலப் பல மடங்கு உள்ளே இருக்கும். பனிக்காலத்தில் இங்கே சாலையெங்கும் உப்பு தூவுகிறார்கள் என்பதால், தினம் ஓடிய காரில் ஓரளவு மேல்துரு இருப்பது இயல்பு. சஸ்பென்ஷன் கைகள் பழுப்பாக இருப்பதைக் கண்டு ஓட வேண்டாம். புதிதாக அடித்த கறுப்புப் பூச்சுதான் எனக்கு அதிகப் பயம் தருவது. உங்களால் குனிந்து பார்க்க இயலாவிட்டால், பக்கத்து மெக்கானிக்கிடம் அரைமணி நேரம் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

இன்ஜின் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் எம்எக்ஸ்-5 இன்ஜின்கள் பெரும்பாலும் உழைக்கப் பிறந்தவை. சமதளத்தில் நிறுத்தி ஆயில் அளவைக் கம்பியில் பாருங்கள். மூன்றாம் தலைமுறைக் கார்கள் ஆயில் குடிக்கும், அளவைப் பார்க்காமலே ஓட்டியவர்கள் அந்த இன்ஜினைக் கொன்றிருக்கிறார்கள். முதல் இரண்டு தலைமுறைகளில் டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது வேண்டும். நான்காம் தலைமுறையின் தொடக்கக் கார்களில் கியர்பாக்ஸ் பலவீனம் பேசப்பட்டிருப்பதால், குளிர்ந்த நிலையிலேயே இரண்டாம் கியரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் இறுகிக்கொள்வது எல்லாத் தலைமுறைக்கும் உள்ள நோய்; ஓட்டி முடித்து இறங்கியதும் பின்சக்கரங்களின் அருகே கையை வைத்தால், ஒன்று மட்டும் கொதிப்பது தெரிந்துவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது கூரையை மூடியே தொடங்குங்கள், ஏனென்றால் ஆண்டின் பெரும்பகுதி அப்படித்தான் ஓட்டப்போகிறீர்கள். மேடுபள்ளமான தெருவில் உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியைக் கவனியுங்கள். லேசாக அதிர்வது இந்த வகைக் கார்களுக்கு இயல்பு, பிம்பமே கலங்கும்படி நடுங்கினால் உடற்சட்டத்தில் ஏதோ சரியில்லை. அதன்பின் நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் கால்மணி நேரம். அந்த இரைச்சலைத் தினம் ஒரு மணி நேரம் தாங்குவீர்களா என்பதை உங்களைத் தவிர யாரும் சொல்ல முடியாது. திரும்பி வந்ததும் கூரையைத் திறந்து, வழக்கமாகத் தூக்கிச் செல்லும் பையை டிக்கியில் வைத்துப் பாருங்கள். மூன்றாம் தலைமுறையின் டிக்கியில் பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டும் ஒரு வாரக் காய்கறியும் போகும்; மடக்க முடியாத குழந்தை வண்டி போகாது. மாற்றுச் சக்கரமும் இல்லை, பஞ்சரை அடைக்கும் திரவம் மட்டுமே தருகிறார்கள்.

பணமும் காகிதமும்

விலை பேசும் முன்பே, உங்கள் முகவரியையும் தெருவில் நிறுத்துவதையும் சொல்லிக் காப்பீட்டுக் கட்டணத்தைக் கேட்டு வையுங்கள். துணியைக் கிழிக்காமல் இருக்கட்டும் என்று கதவைப் பூட்டாமலே விட்டுச் செல்லும் பழக்கம் சில உரிமையாளர்களிடம் உண்டு. அப்படி விட்ட கார் களவுபோனால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடலாம் என்பதால், பாலிசியின் நிபந்தனையைப் படித்துவிட்டே அந்த யோசனைக்குச் செவி கொடுங்கள்.

சிறு தொகை கட்டி வரலாற்றுச் சோதனை ஒன்று செய்துவிடுவது அவசியம். கடன் நிலுவை, களவு ஆகியவற்றோடு, விபத்தில் சேதமாகிக் காப்பீட்டு நிறுவனம் கழித்துவிட்ட காரா என்பதும் அதில் தெரியும். 2017 அக்டோபர் முதல் கழிவுப் பட்டியலில் 'எஸ்' (S) என்பது உடற்சட்டச் சேதம், 'என்' (N) என்பது சட்டத்தைத் தொடாத சேதம். கூரையற்ற காரின் வலிமை முழுவதும் அந்தச் சட்டத்தில்தான் இருப்பதால், எஸ் பிரிவுக் காரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன். பம்பர் மட்டும் உடைந்த 'என்' பிரிவுக் காரைப் படங்களைப் பார்த்து யோசிப்பேன்.

காரின் பதிவுப் பத்திரமான வி5சியில் இருக்கும் பெயரும் முகவரியும் விற்பவருடையவையா என்று பாருங்கள். அது பதிவான பொறுப்பாளரைக் காட்டுமே தவிர உரிமைக்குச் சான்று அல்ல, ஆகவே பணம் கொடுத்த ரசீதைத் தனியாக எழுதி வாங்க வேண்டும். வணிகரிடம் வாங்கினால், 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்கும்போதே இருந்த குறைக்காக 30 நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். தனியாரிடம் அந்தப் பாதுகாப்பு இல்லை. பெரும்பாலும் அவர் சொன்ன விவரம் பொய்யானால்தான் வழி உண்டு. எனவே 'கூரை ஒழுகாது' என்பதை வாய்ப்பேச்சாக விடாமல், குறுஞ்செய்தியாகவாவது கேட்டு வாங்கி வையுங்கள். சாலை வரி முன்னவரிடமிருந்து காரோடு வராது. பத்திரத்தில் உங்களுக்குக் கிழித்துத் தரும் பச்சைத் துண்டில் உள்ள எண்ணைக்கொண்டு, ஓட்டிக் கிளம்பும் முன் நீங்களே கட்ட வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரத்திலேயே வடிகால்களைச் சுத்தம் செய்துவிடுங்கள். எம்எக்ஸ்-5 காரில் அவை இருக்கைகளுக்குப் பின்னால், சீட் பெல்ட் இறங்கும் மூலைகளில் இருக்கின்றன. கம்பியை விட்டுக் குத்தினால் உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்து, இல்லாத ஒழுகலை நீங்களே உண்டாக்குவீர்கள். புல் வெட்டும் கருவியின் நைலான் கயிற்றில் ஒரு முழம் எடுத்து, முனையை நெருப்பில் காட்டி மழுக்கி, மெதுவாகச் சுழற்றி இறக்கினால் போதும். சருகும் கறுத்த சேறும் வெளியே வந்த பிறகு ஒரு குவளை நீர் ஊற்றி, இரண்டு பக்கமும் சக்கரத்தின் முன் சொட்டுகிறதா என்று பாருங்கள். இலையுதிர்காலத்தில் இதையே மாதம் ஒருமுறை செய்யுங்கள், நனைந்த கூரையை மடக்கி இரவு முழுவதும் வைக்காதீர்கள், உயரழுத்த நீர்க்குழாயைத் துணியின் பக்கம் திருப்பாதீர்கள்.

(விற்பவர் காற்றுத்தடுப்பு வலையைக் கராஜிலேயே மறந்து விட்டிருப்பார். கிளம்பும் முன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.)